எங்க கையே டார்க் ரெஞ்ச் சார்!

வண்டிக்கு ஆயில் மாத்தலாம்னு, பழைய ஆயிலை வடிக்கிற ட்ரெய்ன் போல்ட்டைக் கழட்டப் போனா, அசையல. ஸ்பேனர் மேல ஏறி நின்னாலும் அசையல. கடைசியில முக்கி முனகி வந்துச்சு, கூடவே எஞ்சின் அலுமினிய மரையையும் வெள்ளிச் சுருளா இழுத்துக்கிட்டு. போன தடவை இதை இறுக்கின மெக்கானிக் மகராசன் நல்லா இருக்கட்டும்.

எப்படி இறுக்கியிருப்பார்னு பார்க்காமலே சொல்லுவேன். முதல்ல கையாலதான் திருகணும். மாட்டார், எடுத்ததுமே ஸ்பேனர். வாஷர் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் இழுத்து நிறுத்தணும். அங்கதான் வீரமே பொறக்கும். "லூஸா இருந்தா ஆயில் ஒழுகும் சார்." ஒரு அழுத்து. மூச்சைப் பிடிச்சு இன்னொண்ணு. அப்புறம் ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி, காலை ஊணி, பல்லைக் கடிச்சு, போல்ட் "கிர்ர்"னு அழுகிற வரைக்கும். அப்பவும் திருப்தி வராம, எழுந்து போகும்போது ஆசைக்கு ஒண்ணு.

யோவ், அது எம்12, வெறும் 12 மில்லிமீட்டர் போல்ட்டுய்யா! அலுமினியத்துல 25, 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். கால் மீட்டர் ஸ்பேனரோட நுனியில பத்துப் பன்னெண்டு கிலோ அழுத்தம், அவ்வளவுதான். ஒழுகாம நிறுத்துறது வாஷர், உங்க புஜம் இல்ல. அந்த வாஷரைப் புதுசா போட மட்டும் மனசு வராது.

டார்க் ரெஞ்ச், அதான் நாம வெச்ச அளவுக்கு இறுகினதும் "க்ளிக்"னு சொல்ற ஸ்பேனர், இருக்கான்னு கேட்டா, "எங்க கையே டார்க் ரெஞ்ச் சார்." அப்படியா? எஞ்சின் தலைப்பகுதியைப் பிடிச்சிருக்கிற ஹெட் போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, படிப்படியா ஏத்தி, சில எஞ்சின்ல கடைசியா 90 டிகிரி திருப்பச் சொல்றானே கம்பெனிக்காரன், அதுக்கும் கைதானா? மரையில எண்ணெய் பட்டிருந்தா உராய்வு குறைஞ்சு, அதே இறுக்குக்கு போல்ட் கூடுதலா இழுபடுமே, அதையும் கை கணக்குப் போட்டுக்குமா?

டார்க் ரெஞ்ச் வெச்சிருக்கிற புண்ணியவான்களும் லேசுப்பட்டவங்க இல்ல. "க்ளிக்"னு சத்தம் கேட்டாச்சு, விடுங்களேன். ம்ஹூம், சந்தேகத்துக்கு இன்னும் ரெண்டு க்ளிக். பிறகு அதையே வெச்சு துருப்பிடிச்ச நட்டைக் கழட்டுவாங்க.

இனி ஓட்டையைப் பெரிசாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருள் இறக்கணும். செலவு யாரோடது? என்னோடது!

அதெல்லாம் கிடக்கட்டும். இவ்வளவு பலசாலி, அந்த சைடு மிரர் நட்டை மட்டும் ஏன் விரலால தடவிட்டு விட்டார்? பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டு லாரி வருது, கண்ணாடியில என் முழங்கைதான் தெரியுது.