ஒன்பது கட்டம்தான் இருக்கு, அதை ஒழுங்கா வைங்க

போன சனிக்கிழமை ராத்திரி என் அக்கா மகன் லேப்டாப் முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். 12 வயது. மைன்கிராஃப்ட் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வாரம் மண்ணைக் குடைந்து மூன்று வைரம் தேடி, அதில் பிக்காக்ஸ் (கல் உடைக்கிற கருவி) செய்து, அதைத் தூக்கிக்கொண்டு ஆசையாகக் குகைக்குள் இறங்கியவன், கிரீப்பர் என்கிற, கிட்டே வந்து வெடிக்கிற பிராணி வெடித்து லாவாவில் (நெருப்புக் குழம்பில்) விழுந்து, உயிரும் போய் பொருளும் எரிந்து போய் நின்றான். "கிரீப்பரைப் பார்த்தேன் மாமா, வாளை எடுக்கறதுக்குள்ள வெடிச்சிருச்சு மாமா" என்றான். அந்த "எடுக்கறதுக்குள்ள" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவனுடைய ஹாட்பார், அதாவது திரையின் கீழே கைக்கு எடுக்கும் பொருளை வைக்கிற ஒன்பது கட்டம், எப்படி இருந்தது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதல் கட்டத்தில் பிக்காக்ஸ், இரண்டில் கோதுமை விதை, மூன்றில் கொஞ்சம் டார்ச், நான்கில் கல், ஐந்தில் ஜோம்பி போட்டுவிட்டுப் போன அழுகிய இறைச்சி, ஆறில் வாள், ஏழில் மறுபடியும் டார்ச், எட்டில் படகு, ஒன்பதில் ஒரு மஞ்சள் பூ. கையில் பிக்காக்ஸ் இருக்கிறது, வாளுக்குப் போக மவுஸ் சக்கரத்தை நான்கைந்து தடவை உருட்ட வேண்டும். கிரீப்பர் "ஸ்ஸ்" என்று சீற ஆரம்பித்தால் வெடிக்க ஒன்றரை வினாடிதான். பதற்றத்தில் பையன் வாளைத் தாண்டி உருட்டிப் படகில் போய் நின்றான். அவனிடம் இருந்தது நல்ல இரும்பு வாள், வாளில் ஒரு குறையும் இல்லை.

விளையாடுகிற நிறைய பேர் வைரக் கவசம், மந்திரம் ஏற்றிய வாள் என்று அலைகிறார்கள், ஆனால் கீழே இருக்கிற அந்த ஒன்பது கட்டத்தைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. கையில் கிடைத்தது எல்லாம் எந்தக் கட்டம் காலியோ அங்கே போய் உட்காரும், அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: ஒரு பொருளுக்கு ஒரு இடம், அது எந்த உலகத்தில் விளையாடினாலும் மாறக்கூடாது. கண் தேடவே கூடாது, விரல் தானாகப் போக வேண்டும்.

என் அடுக்கைச் சொல்கிறேன். ஒன்றில் வாள், இரண்டில் பிக்காக்ஸ், மூன்றில் கல், நான்கில் தண்ணீர் வாளி, ஒன்பதில் சாப்பாடு. கீபோர்டில் கட்டத்தின் எண்ணை அழுத்தினால் அந்தப் பொருள் கைக்கு வரும். இடது கை எப்போதும் நடக்கிற பட்டன்கள் மேல்தான் இருக்கும், அங்கிருந்து ஒன்று முதல் நான்கு வரை விரல் சுலபமாக எட்டும், ஆறைத் தாண்டினால் கையையே நகர்த்த வேண்டும். அதனால் உயிர் போகிற அவசரத்துக்கு வேண்டியது எல்லாம் முதல் நான்கில். மரம் வெட்டுகிற கோடாரியை யாரும் அவசரத்தில் தேடப் போவதில்லை, அது ஆறிலோ ஏழிலோ இருக்கட்டும். சாப்பாடு ஏன் ஒன்பதில் என்று கேட்பீர்கள். ஒன்றில் நின்று சக்கரத்தை மேல்நோக்கி ஒரு தடவை உருட்டினால் நேராக ஒன்பதுக்குப் போகும், வாளுக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஓடிக்கொண்டே சாப்பிடலாம்.

தண்ணீர் வாளியை நிறைய பேர் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள், எனக்கு வயிறு எரியும். மேலே தீப்பிடித்தால் அணைக்கும், உயரத்திலிருந்து விழும்போது தரையில் ஊற்றினால் அடிபடாது, லாவா மேல் ஊற்றினால் கறுப்புப் பாறையாக இறுகிவிடும். நெதர் என்கிற நெருப்பு உலகத்துக்குள் மட்டும் அதற்கு வேலை இல்லை, ஊற்றினால் ஆவியாகிவிடும், அங்கே போகும்போது அதே நான்காம் கட்டத்தில் நெருப்பைத் தாங்குகிற மருந்தை வைப்பேன். அவசரம் என்றால் நான்கு, அந்தப் பழக்கம் மாறாது.

டார்ச்சுக்கு ஹாட்பாரில் இடமே தர வேண்டாம். 2016ல் வந்த 1.9 பதிப்பிலிருந்து இடது கைக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, டார்ச்சை அங்கே வைத்தால் பிக்காக்ஸைக் கீழே போடாமலேயே சுவரில் நட்டுக்கொண்டு போகலாம். இது கம்ப்யூட்டரில் ஜாவா பதிப்புக்குத்தான். கைப்பேசியில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கையில் டார்ச் நிற்காது, அவர்கள் ஒரு கட்டத்தை ஒதுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, இரும்பு பிக்காக்ஸ் 250 கல் உடைத்தால் தீர்ந்துவிடும், வைரம் 1561 வரை தாங்கும். ஆழத்தில் இறங்கும்போது ஒரு மாற்று இருக்க வேண்டும், ஆனால் ஹாட்பாரில் இல்லை. இன்வென்டரியில் (பொருள் பையில்) மேலே இருக்கிற 27 கட்டத்தில், பிக்காக்ஸுக்கு நேர் மேலே வைத்துவிடுவேன். உடைந்ததும் இன்வென்டரியைத் திறந்து, அதன் மேல் மவுஸை வைத்து 2ஐ அழுத்தினால் போதும், தானாக இறங்கிவிடும். இழுத்து இழுத்து வைக்கிற வேலையே இல்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினார். விடியற்காலை பெரட்டு (ஆள் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்ததும் அன்றைக்கு எந்த நிரை என்று கேட்டுக்கொண்டுதான் மோட்டாரில் சாமானைக் கட்டுவார். சின்ன மரம் என்றால் உளி, உயர்ந்த மரம் என்றால் நீளக் கம்பில் அரிவாள். இரண்டையும் சும்மா தூக்கிக்கொண்டு போக மாட்டார். நானும் குகைக்குப் போகும்போது விதை, படகு, பூ எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன், திரும்பி வரும்போது அந்தக் காலி இடங்களில்தான் இரும்பும் தங்கமும் வரும்.

"விளையாட்டுதானே, அதிலும் எதுக்கு இவ்வளவு கணக்கு" என்று அக்காகூடக் கேட்டார். ஒரு வார உழைப்பு போன அன்றைக்குப் பையன் சோறு சாப்பிடவில்லை, அக்காவே பார்த்தார். விளையாட்டில் ஒரு கட்டளை போட்டு, செத்தாலும் பொருள் போகாத மாதிரி மாற்றலாம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அது சரி. இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், எனக்கு அது பிடித்திருந்தது. தானாகக் கருவியை மாற்றித் தருகிற மாட் (விளையாட்டோடு சேர்க்கிற கூடுதல் நிரல்) வைத்து விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை, கையில் என்ன இருக்கிறது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெறும் கல் பிக்காக்ஸும் மர வாளும் வைத்துக்கொண்டு பட்டனைப் பார்க்காமல் அழுத்திப் பழகினான். ஒரு விஷயத்தில் மட்டும் என்னோடு சண்டை. அவன் கை சின்னது, நான்கு எட்டவில்லையாம், வாளியை மூன்றுக்குக் கொண்டுவந்து கல்லை நான்குக்குத் தள்ளிவிட்டான். "இது என் கை மாமா" என்றான். சரி, அப்படியே இருக்கட்டும் ஐயா, இனிமேல் மாத்தாதே என்றேன். நேற்று ராத்திரி பாலத்திலிருந்து கால் தவறி விழுந்தவன், தரை வருவதற்குள் 3ஐ அழுத்தித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான்.