தேரைக் காணோம், சக்கரம்தான் இருக்கு

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். அதற்கு ஒரு பக்க நோட்டீஸ். வேர்டில் தேர்ப் படத்தைச் செருகினால் தேரைக் காணோம்! அடியில் சக்கரமும் வடமும் மட்டும், கால் அங்குலம்கூட இல்லாத பட்டையாகத் தெரிகிறது. அழித்தேன், மறுபடி செருகினேன், மூலையைப் பிடித்து இழுத்தேன். ம்ஹும். பின்னால் நின்ற பெரியப்பா, “ஏலே, தேரு எங்கலே?” என்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. போன வருஷ நோட்டீஸையே எடுத்துத் திருத்தியது என் தப்பு. அதில் யாரோ புண்ணியவான் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ 12 பாயிண்ட் என்று பூட்டி வைத்திருக்கிறார். படமும் எழுத்தோடு எழுத்தாக வரிக்குள் உட்காருவதால், அந்த 12 பாயிண்டுக்கு மேலே இருப்பதெல்லாம் மறைந்துவிடுகிறது. படம் இருந்த பத்தியை மட்டும் ‘சிங்கிள்’ ஆக்கினேன். சரி, தேர் முழுசாக எழும்பி நின்றது. எழும்பிய வேகத்தில் உபயதாரர் பெயர்கள் மொத்தமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன. பெரியப்பா பெயர்தான் அதில் முதல் பெயர்.