பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு

போன தவணை முடிவில் மகளின் நர்சரி ரிப்போர்ட் வந்தது. அவளுக்கு நான்கரை வயது. தடித்த அட்டை, மேலே வானவில். உள்ளே இருபதுக்கு மேற்பட்ட வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பெட்டிகள்: மிக நன்று, நன்று, முயற்சி தேவை. 'இருபது வரை எண்ணுதல்' என்ற வரியில் மூன்றாவது பெட்டியில் சரி போட்டிருந்தது. 'தயக்கமின்றிப் பேசுதல்' என்பதற்கும் அதேதான். கடைசியில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

நான் வாசிக்கக் கேட்டுவிட்டு அம்மம்மா சிரித்தார். எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக மூன்றாம் மாடியில். ரயில் சத்தம் கேட்டால் இவள் பல்கனிக்கு ஓடிப் பெட்டிகளை எண்ணுவாள். "அம்மம்மா, இதுக்குப் பத்துப் பெட்டி. முந்திப் போனதுக்கு ஒன்பது. ஒண்டு கூட." எண்ணுவதோடு நிற்காமல் இரண்டு ரயில்களை ஒப்பிட்டு வித்தியாசமும் சொல்கிறாள். பேசத் தயங்குகிறாளாம்! வீட்டில் அவள் வாயை மூடவைக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோர் சந்திப்பில் மிஸ்ஸிடம் கேட்டேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். "எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு வரைக்கும் சொல்லிப்போட்டுப் பேசாமல் நிண்டிட்டா" என்றார். எந்த மொழியில் என்று கேட்டேன். "இங்கிலிஷ் மீடியம்தானே?"

சரிதான். வீட்டில் தமிழ், கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு சிங்களம், நர்சரியில் ஆங்கிலம் என்று வளர்கிறாள். கொழும்பில் இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டி அளந்தது அவளுடைய ஆங்கிலத்தை. அதன்மேல் ஒட்டிய பெயர் கணிதம்.

மிஸ்ஸில் எனக்குக் கோபமில்லை. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு அவரும் ஓர் உதவியாளரும்தான். ரிப்போர்ட் எழுதக் கிடைத்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் யார் எழுதினாலும் பெட்டியில் சரி போடத்தான் முடியும். நான் குறை காண்பது அந்த அட்டையை வடிவமைத்த மனநிலையில். அதில் பிள்ளையைப் பற்றி எங்களிடம் கேட்கும் ஒரு கேள்விகூட இல்லை. நான்கரை வருடம் பக்கத்திலிருந்து பார்த்த எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒற்றைக் கோடு.

அரச பாடசாலைகளில் தரம் ஒன்றுக்குப் பிள்ளை வந்ததும், முதல் வாரங்களில் விளையாட்டுகள் மூலம் அதன் ஆற்றலை இனங்காணும் முறை இருக்கிறது. பாஸ், ஃபெயில் கிடையாது. எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்காகத்தான் அது. இந்த வயதில் கணிப்பீடு என்றால் அவ்வளவுதான் இருக்க வேண்டும். (தரம் ஒன்று அனுமதியில் புள்ளி போடுவது பெற்றோருக்குத்தான்! வீடு எவ்வளவு தூரம், வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா, அப்பா பழைய மாணவரா... அந்தப் பரீட்சைக்கு நாங்களும் இப்போதே படித்துக்கொண்டிருக்கிறோம்.)

பெட்டியோடு குறிப்பும் எழுதினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இதைத்தான் சோதித்தார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பயனில்லை. அவர்கள் வளர்ந்த பிள்ளைகள் என்பது உண்மை. ஆனால் நர்சரியில் ரிப்போர்ட்டை வாசிப்பது நாம்தானே? எனக்கும் முதலில் பெட்டிதான் கண்ணில் பட்டது. கீழே 'ஸ்வீட் கேர்ள், கீப் இட் அப்' என்று எழுதியிருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதைக் குறிப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை.

நியூசிலாந்தின் முன்பள்ளிக் கலைத்திட்டம் 1996இல் வந்தது. அதன் பெயர் தே ஃபாரிகி. மாவோரி மொழியில் பின்னிய பாய் என்று அர்த்தம். அங்கே மார்கரெட் கார் என்ற கல்வியாளர் முன்வைத்த முறைக்குக் கற்றல் கதைகள் என்று பெயர். பிள்ளை செய்த ஒரு காரியத்தை ஆசிரியர் சின்னக் கதையாக எழுதுகிறார். அதில் என்ன கற்றல் தெரிகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்றும் சேர்க்கிறார். வீட்டார் வாசித்துத் தங்களுக்குத் தெரிந்ததையும் எழுதலாம். ரயில் பெட்டிக் கணக்கு அங்கேயென்றால் பதிவாகியிருக்கும்.

இருபத்தெட்டுப் பிள்ளைக்கு எப்படி எழுதுவது? நாளுக்கு இரண்டு பிள்ளை, ஆளுக்கு நாலு வரி. பதினான்கு பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும், அதாவது மூன்று வாரத்துக்குள். ஒரு கொப்பி போதும். வானவில் அட்டைக்குப் போகும் காசும் மிச்சம்.

சரி, நம் பக்கத்துக்கும் வருவோம். போன மாதம் 'பிள்ளை செய்த வண்ணத்துப்பூச்சி' கொண்டுவரச் சொன்னார்கள். இரவு பதினொரு மணிக்கு வெட்டி ஒட்டியது நான். 'மிக நன்று' கிடைத்தது எனது கத்தரிக்கோலுக்கு. வட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட் வந்த அன்று 'உங்கட பிள்ளைக்கு எத்தனை மிக நன்று?' என்று தொடங்கியதும் நாம்தான். மூன்று வயதில் எழுத்துப் பயிற்சித் தாள் கேட்டு நர்சரியை நெருக்குவதும் நாம்தான். அது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பரீட்சைக்கு இன்னும் ஏழு வருடம் இருந்தாலும் பயம் இப்போதே வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்னொன்று. கூட்டத்துக்கு வராதவர்களை 'அக்கறை இல்லாத பெற்றோர்' என்று பேசிக்கொள்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் புறக்கோட்டையில் கடையில் நிற்கும் அப்பா எப்படி வருவார்? அவரிடம் 'பிள்ளை வீட்டில் எதை விரும்பிச் செய்யுது?' என்று கேட்டு, இரவில் ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லலாமே. வந்தவர்களாகிய எங்களோடும் கூட்டத்தில் பெரும்பாலும் பேசியது விளையாட்டுப் போட்டி டீஷர்ட் பற்றித்தான்.

ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கையொப்பக் கோட்டில் இடம் போதாததால் அட்டையின் பின்பக்கத்தில், தமிழிலேயே, ரயில் கதையை எழுதினேன். அடுத்த தவணை தமிழிலும் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மிஸ் வாசித்துவிட்டு, "இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். யாரும் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை.