ஓசி காப்பி

நான் எழுதிய புத்தகம் வந்த சேதி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "எங்களுக்கு ஒரு காப்பி கிடையாதா?" என்ன விலை, எங்கே கிடைக்கும்? ம்ஹூம், ஒருத்தர் வாயிலும் அது வராது.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். புத்தகம் 200 ரூபாய். எழுதியதற்காக எனக்கு வரும் ராயல்டி 10 சதவீதம், அதாவது பிரதிக்கு 20 ரூபாய். அதுவும் விற்றால்தான், வருஷக் கடைசியில்தான். பதிப்பகம் இனாமாகத் தந்த பிரதிகள் முதல் வாரத்திலேயே காலி. அதற்கப்புறம் நான் எழுதியதை நானே கழிவு போக 140 ரூபாய்க்கு வாங்கி, கூரியருக்கு இன்னொரு 60 அழ வேண்டும். ஒருத்தருக்கு ஓசியில் கொடுத்தால் பத்துப் பேர் காசு கொடுத்து வாங்கிய ராயல்டி அம்பேல்!

சரி, ஓசியில் வாங்கியவர்களாவது படிக்கிறார்களா? பெரியப்பா வீட்டில் என் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைஃபை பெட்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறது. "நல்லா எழுதியிருக்கேப்பா" என்று பாராட்டு வேறு. இதே மனுஷர் ஜனவரியில் சென்னை நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய், அங்கே விற்கும் டெல்லி அப்பளத்துக்கு மட்டும் பேரம் பேசாமல் காசை நீட்டுவார்.

முன்பின் தெரியாத ஒருத்தர் போன வாரம் கடிதம் போட்டிருந்தார். காசு கொடுத்து வாங்கியவர். ஐந்தாம் அத்தியாயத்தில் விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் பக்க எண்ணோடு பட்டியல் போட்டுத் திட்டியிருந்தார். அந்த மனுஷனுக்கு ஒரு காப்பி என்ன, பத்துக்கூடக் கொடுப்பேன்!