பருப்புப் போட்டது வேறு, ஆமி வந்தது வேறு

"1987 இல் இந்திய ஆமி கொழும்பைக் கேட்காமலே யாழ்ப்பாணத்தில் இறங்கியது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இரண்டு சம்பவங்களை ஒன்றாக்கிவிட்டார். கேட்காமல் நடந்தது ஜூன் 4 ஆம் திகதி இந்தியா விமானத்திலிருந்து பருப்பு உள்ளிட்ட உணவுப் பொதிகள் போட்டது. முதல் நாள் படகில் வந்ததை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பிவிட்டது. அதனால்தான் மறுநாள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்தார்கள்.

ஆமி வந்தது ஜூலை 29 இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் ஒப்பந்தம் எழுதிய பிறகு, ஜே.ஆர். கேட்டுத்தான். தெற்கில் கலவரம், அவருக்குத் தன் படை அங்கே தேவைப்பட்டது.

அப்படியென்றால் தலையீடே இல்லையா? தாராளமாக இருந்தது. ஆனால் அதை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் தேடுங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுக்கக்கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து சீரமைக்க வேண்டும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் உளவு வேலைக்குப் பயன்படக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. எங்கள் தமிழர் பிரச்சினைக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தமோ!

ஒக்டோபரில் இந்திய ஆமிக்கும் புலிகளுக்கும் இங்கே யாழ்ப்பாணத்தில் வெடித்த சண்டையை யாரும் மறக்கவில்லை, தம்பி. அது அவர்கள் வந்த பிறகு நடந்த கதை.