42 வயதில் தங்கம் உண்மை; குண்டு எறிதலில் அல்ல

பினாங்குப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி இரண்டு நாளாகச் சுற்றுகிறது: 'நியூயார்க் போலீஸ்காரர் பாட் மெக்டொனால்ட், 1920 ஒலிம்பிக்கில் 42 வயதில் குண்டு எறிதலில் தங்கம் வென்றார்.' தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் திடல்தடப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் நேரம் என்பதால் ஆசிரியர்களும் பகிர்கிறார்கள்.

ஆள் சரி, வயதும் சரி. போட்டிதான் தவறு. குண்டு எறிதலில் அவர் தங்கம் வென்றது 1912-இல், ஸ்டாக்ஹோமில், 33 வயதில், தூரம் 15.34 மீட்டர். 1920-இல் ஆன்ட்வெர்ப்பில் அதே போட்டியில் நான்காம் இடம்தான்.

அங்கே தங்கம் தந்தது 56 பவுண்டு எடை எறிதல். குண்டு 7.26 கிலோ, கழுத்தோடு ஒட்டிவைத்து உந்தித் தள்ளுவது. இதுவோ 25.4 கிலோ, நம் கடைகளில் விற்கும் 10 கிலோ அரிசிப் பை இரண்டரை! கைப்பிடியைப் பற்றிச் சுழற்றி வீச வேண்டும். 1904, 1920 தவிர வேறு ஒலிம்பிக்கில் இது இல்லை. குழப்பம் அதனால்தான் வந்திருக்கும்.

ஒலிம்பிக் அமைப்பின் இணையத்தளத்தில் இரண்டு ஆண்டுகளின் முடிவுகளும் உள்ளன, பாருங்கள். பழைய செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் அதைப் புதிர்ப்போட்டிக்குப் படிக்கிறார்கள்.