கூரைக்குள் வைத்தாலும் இணையம் வருமா? சாட்டிலைட் பெட்டி பற்றிய வாட்ஸ்அப் செய்தி தவறு

“வெளிநாட்டுச் சாட்டிலைட் இணையப் பெட்டியை வரவழைத்தால் போதும். மேலூர் குவாரியிலும் மேகமலை எஸ்டேட்டிலும் தகரக் கூரைக்குள்ளேயே வேலை செய்யும், அனுமதி எதுவும் வேண்டாம்” என்ற செய்தி மதுரை வட்டாரத் தொழில் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

சேவை தரும் நிறுவனத்துக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கட்டாயம். அப்போது உரிமம் இல்லாதிருந்த ஸ்டார்லிங்க் என்ற வெளிநாட்டுச் சாட்டிலைட் இணையச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று 2021 நவம்பரிலேயே அத்துறை எச்சரித்தது. அந்நிறுவனம் 2025-ல் உரிமம் பெற்றது. ஆனால் அது வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிய பெட்டியை இங்கே இயக்குவதற்கான அனுமதி ஆகாது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அவர்களில் சிலரிடம் வி-சாட் (சிறு டிஷ் வழியாக வரும் சாட்டிலைட் இணையம்) இணைப்பு முன்பிருந்தே கிடைக்கிறது.

தகரம் இந்த அலைவரிசையை அடியோடு மறைத்துவிடும். மரக்கிளையும் இடைஞ்சல்தான். டிஷ்ஷைக் குவாரிப் பள்ளத்துக்குள் வைத்தால் சுற்றுச்சுவர் வானத்தை மறைக்கும். ஆகவே மேல் விளிம்பில் வையுங்கள். வி-சாட் செயற்கைக்கோள் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால் தகவல் போய்வர அரை நொடிக்கு மேல் ஆகும்: பில்லிங், மின்னஞ்சலுக்குச் சிக்கல் இல்லை, வீடியோ பேச்சு தடுமாறும். ஐப்பசி அடைமழையில் சிக்னல் சற்று நேரம் அறுபடலாம். அதைப் பழுது என்று நினைத்து டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள்; திருப்பினால் மழை விட்டாலும் இணைப்பு வராது.

மின்சாரத்தையும் கணக்கிடுங்கள். 75 வாட் இழுக்கும் கருவிக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி கணக்குப்படி 16 மணி நேரம் தாங்க வேண்டும்; மின் இழப்பு போக அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும்.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.